மாறிப்போன குழல்

வேலை முடிந்த சந்தோஷத்தில்தான் யாங்கோஸ் அந்த வேட்டைத் துப்பாக்கியைத் திரும்பப் பூட்டினான். பூட்டிய கையோடு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

குழலை உடல் பகுதியோடு சேர்த்து மூடினால், துப்பாக்கியைத் திறக்க மேலே இருக்கிற நெம்பு நடுவிலோ நடுவுக்குச் சற்று வலப்பக்கமோ வந்து நிற்க வேண்டும். இது நடுவைத் தாண்டி இடப்பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டது. குழலுக்கு அடியிலிருந்த முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை மெல்ல ஆட்டிப் பார்த்தான். கிழவன் பல் மாதிரி ஆடியது. அவ்வளவு பழைய துப்பாக்கி இல்லை அது, ஆட நியாயமே இல்லை. குழலை மறுபடி கழற்றி, அடியில் பொறித்திருந்த எண்ணை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தான். கடைசியில் ஏழு. உடல் பகுதியைத் திருப்பிப் பார்த்தான். கடைசியில் ஆறு. ஒரே துப்பாக்கி என்றால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆறு ஸீனோனுடையது. ஏழு, ஸீனோனின் அண்ணன் லோயிசோஸுடையது.

"ஐயோ மாதாவே," என்று சொல்லிவிட்டு யாங்கோஸ் பட்டறை முக்காலியில் உட்கார்ந்தான்.

அண்ணனும் தம்பியும் ஒரே நாளில், லிமசோல் நகரில் ஒரே கடையில், ஒரே மாதிரித் துப்பாக்கி வாங்கியவர்கள். எண்களும் அடுத்தடுத்து வந்துவிட்டன. வேட்டைக் காலத்தில் ஞாயிறு சாயங்காலமானால் லோயிசோஸ் வீட்டு முற்றத்தில் ஒரே மேஜையில் இரண்டு துப்பாக்கிகளையும் பிரித்துப் போட்டுத் துடைப்பார்கள். நடுநடுவே ஸிவானியா சாராயத்தை ஊற்றிக்கொள்வார்கள், சுட்ட தொத்திறைச்சியைக் கடித்துக்கொள்வார்கள். துப்பாக்கிக்குள் போன எண்ணெயைவிட இவர்களுக்குள் போன சரக்கு எப்போதும் அதிகம். அப்படி ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை குழல்கள் இடம் மாறிவிட்டிருக்கின்றன. மாறியதை இருவருமே கவனிக்கவில்லை. கவனிக்காததோடு பெருமையும் பட்டுக்கொண்டார்கள். "இப்பதான் துப்பாக்கி பழகி, இலகுவா தெறக்குது" என்பான் ஸீனோன். லோயிசோஸ் தன்னுடையதை முழங்காலில் வைத்து அடித்து மூடிவிட்டு, "பாத்தியா, இன்னும் புதுசு மாதிரி இறுக்கம்" என்பான்.

ஸீனோன் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தது நியாயமான காரணத்துக்குத்தான். அவன் நாய் கௌதாரியைக் காலடியிலேயே கிளப்பிவிடும். குழலின் வாய் குறுகலாக இருந்ததால் ரவைகள் விரியாமல் ஒரே கொத்தாகப் போகும். பட்டால் பறவை கைமா, படாவிட்டால் ஒன்றுமே இல்லை. வாயை அகலமாகக் கடைந்து, உள்ளே மரை வெட்டி, திருகிப் போட்டுக் கழற்றுகிற குட்டிக் குழாய்களைப் பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. பக்கத்தில் சுட அகலமான குழாய், தூரத்தில் சுட இறுக்கமானது என்று இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வேலையில் யாங்கோஸ் கெட்டிக்காரன். அதைத் தானே சொல்லிக்கொள்ளவும் கூச்சப்படாதவன். குழலின் சுவர் போதிய தடிமனா, உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று அளந்து அளந்து பார்த்துவிட்டுத்தான் கருவியை உள்ளே விட்டான். மரையைக் கையாலேயே, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று பொறுமையாக வெட்டினான். குழாயைத் திருகினால் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. எல்லாவற்றையும் அளந்த மனிதன், முதலில் பார்க்க வேண்டிய எண்ணை மட்டும் பார்க்கவில்லை. ஸீனோனின் துப்பாக்கி ஸீனோன் கையில்தான் வந்தது. அதில் பாதி அண்ணனுடையது என்று யார் கண்டார்கள்?

வெட்டிய இரும்பை ஒட்டவைக்க முடியாது. அதுவும் இது லோயிசோஸின் இரும்பு.

இந்தக் குழாய் சமாச்சாரத்தை ஊரிலேயே அதிகமாகக் கேலி செய்தவன் லோயிசோஸ்தான். "அது துப்பாக்கியா, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சற பைப்பா? வாய மாத்தி வாய மாத்தி மாட்டறதுக்கு?" என்று காபிக் கடையில் கேட்டுச் சிரிக்க வைத்தவன். "பால் புட்டிக்கு ரப்பர் மாத்தற மாதிரி" என்று தம்பியை ஓட்டித் தள்ளியவன். "என் குழல்ல எவனாவது கருவிய வெச்சான், அந்தக் கைய ஒடிச்சு அடுப்புல வெப்பேன்" என்று யாங்கோஸின் முகத்துக்கு நேராகவே சொன்னவன். இந்த வாரம்கூடப் பட்டறைக்கு வந்து, ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அதன் வழியாக யாங்கோஸைப் பார்த்து, "எத்தன தர்றாங்க இப்படி? அஞ்சா? அஞ்சு ரப்பர்!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

லோயிசோஸ் கோபக்காரன், அந்தக் கோபமும் வந்த வேகத்தில் போகாது. ஒரு நாய்க்குட்டி விஷயமாகச் சித்தப்பா மகனோடு முறைத்துக்கொண்டவன், இன்றைக்கும் அவன் வீட்டு வழியே நடப்பதில்லை. சுற்றுவழியில் தேவாலயத்துக்குப் போகிறான்.

யாங்கோஸின் பயமே அதுதான். லோயிசோஸின் மகளுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யாங்கோஸுக்கும் மனைவி எலெங்குவுக்கும் பிள்ளை இல்லை. பேர் வைத்த அந்தப் பெண்தான் பிள்ளை. ஈஸ்டர் ஆட்டுக்கறி அந்த வீட்டு மேஜையில்தான், பிறந்தநாள் கேக்கும் அந்த வீட்டில்தான். அந்த வாசல் அடைபட்டால் யாங்கோஸுக்குப் போக வேறு வாசல் கிடையாது.

எலெங்கு காபியோடு உள்ளே வந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏன், முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"லோயிசோ குழல வெட்டிட்டேன்."

"எந்த லோயிசோ?"

"ஊர்ல எத்தன லோயிசோ இருக்கான்? நம்ம லோயிசோதான்!"

அவன் நடந்ததைச் சொன்னான். எலெங்கு கேட்டுக்கொண்டே அவனுக்குக் கொண்டுவந்த காபியைத் தானே குடித்தாள்.

"கண்ணாடிய எங்க வெச்சிருந்த?"

"மூக்கு மேலதான் இருந்துச்சு."

"அப்ப மூளைய எங்க வெச்சிருந்த?"

யாங்கோஸின் மனசு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "எலெங்கு, இத இப்படியே ஸீனோன்கிட்ட குடுத்துட்டா என்ன? அவன் கேட்ட குழாய் அவனுக்குக் கெடச்சுடும். லோயிசோகிட்ட இருக்கறது கைபடாத குழல். ரெண்டு பேருக்கும் சந்தோஷம். நான் வாயத் தெறக்கலன்னா யாருக்குத் தெரியும்?"

"ஆடுதுன்னியே?"

"ஆடுது."

"அப்ப தாராளமா குடு. அவன் தாடை பேந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துட்டுப் போகணும். இப்பவே சொல்லிட்டீன்னா அரிசிய ஊற வெச்சுடறேன்."

யாங்கோஸ் தலையைக் குனிந்துகொண்டான். அது அவனுக்கும் தெரியும். சரியாக மூடாத துப்பாக்கி சுடுகிறவனின் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தெரிந்தே அதைக் கொடுக்கிற அளவுக்கு அவன் மோசமானவன் இல்லை. கொடுத்துவிடலாமா என்று நினைக்கிற அளவுக்குப் பயந்திருந்தான், அவ்வளவுதான்.

"அவன் என்னோட பேச மாட்டான், எலெங்கு."

"பேசாட்டி நான் போய் அவன் பொண்டாட்டியோட பேசறேன். ஆனா நீ இப்பவே கெளம்பு. இது வேற எவனோ சொல்லி அவன் காதுல விழுந்துச்சுன்னா, அதோட எல்லாம் முடிஞ்சுது."

அண்ணனும் தம்பியும் ஆலிவ் தோப்பில் இருந்தார்கள். மரத்தடியில் வலை விரித்து, ஸீனோன் மேலே நீளக் கோலால் காய்களை உலுக்க, லோயிசோஸ் கீழே குனிந்து இலை பொறுக்கிக்கொண்டிருந்தான். யாங்கோஸ் வழி நெடுக யோசித்து வைத்திருந்த பேச்சு, வண்டியை விட்டு இறங்கியதுமே மறந்துபோயிற்று.

"கும்பாரே," என்றான். "உங்க ரெண்டு பேர் குழலும் மாறிப் போயிருக்கு. ஸீனோன் கொண்டாந்தது உன் குழல். நான் நம்பரப் பாக்கல. வெட்டிட்டேன்."

உலுக்குகிற சத்தம் நின்றது. மரத்தின் மேலிருந்து ஸீனோன் சிரித்துவிட்டான். அண்ணனின் முதுகைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

லோயிசோஸ் நிமிர்ந்தான். கையிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தான். "என் குழலயா?"

"உன் குழலத்தான்."

"என் குழல்ல மரை வெட்டினியா?"

"வெட்டினேன், கும்பாரே. தப்பு என்னோடது. நான் முதல்ல நம்பரத்தான் பாத்திருக்கணும்."

"என் குழலைத் தொட்டுட்டானே!" என்று லோயிசோஸ் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோப்புக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "ஊரெல்லாம் கேட்டுக்கங்க! இந்தக் கசாப்புக்காரன் என் துப்பாக்கிய நாசம் பண்ணிட்டான்!"

"அண்ணே, நாமதானே அன்னிக்குத் தொடைக்கறப்ப..." என்று ஸீனோன் மரத்திலிருந்து தொடங்கினான்.

"நீ வாய மூடு. எறங்கி வந்து வலைய மடி." லோயிசோஸ் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினான். "நட பட்டறைக்கு. நான் என் கண்ணால பாக்கணும்."

வண்டியில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்திக்கொண்டு வந்திருந்தால்கூட யாங்கோஸுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். சித்தப்பா மகனோடும் கடைசியில் இப்படித்தான் பேசாமல் ஆனான் என்று ஓட்டும்போதே நினைத்துக்கொண்டான்.

பட்டறைக்குள் நுழைந்ததும் லோயிசோஸ் கதவைச் சாத்தினான். பிறகு தாழும் போட்டான். அடிக்கப் போகிறான் என்று யாங்கோஸ் முடிவு செய்துவிட்டான். அடித்தாலும் பரவாயில்லை, அடித்துவிட்டால் நாளைக்குப் பேசுவான் என்று ஒரு நப்பாசை.

லோயிசோஸ் குழலை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். வாய் விளிம்பைக் கட்டை விரலால் தடவினான். இன்னொரு முறை தடவினான். பிறகு பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்து, குழந்தை விளையாட்டுச் சாமானைத் திருகுகிற மாதிரி மெதுவாகத் திருகி உள்ளே விட்டான். அது சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது.

"கிட்ட கெளம்பற கௌதாரிக்கு எது?" என்று கேட்டான். குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது.

"என்ன?"

"செவிடா நீ? கிட்ட கெளம்பறதுக்கு எந்தக் குழாய்?"

"இப்பப் போட்டியே, அதுதான்."

லோயிசோஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு முக்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான். "நானே கேக்கணும்னுதான்டா இந்த வாரம் வந்தேன். போன வாரமும் வந்தேன். உள்ள வந்ததும் வாய்ல ரப்பரு, பால் புட்டின்னு வருதே தவிர, எனக்கும் போட்டுக் குடுன்னு வரல. அவ்வளவு கேலி பண்ணிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

யாங்கோஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, கடைசல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது.

"அடப் பாவி! அப்ப தோப்புல எதுக்குடா அந்தக் கத்து கத்தின? வழியெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு!"

"கத்தாம? ஊரே பாத்துட்டு நிக்குது. என் குழல நீ வெட்டிட்ட, நான் கத்தலன்னா சந்தேகம் வராதா?" லோயிசோஸ் விரலை ஆட்டினான். "இதப் பாரு கும்பாரே. நீ தெரியாம வெட்டிட்ட. நான் வேற வழியில்லாம இதவெச்சு ஓட்டறேன். இப்படித்தான் ஊருக்குத் தெரியணும். கடையில நான் உன்னத் திட்டுவேன். நல்லா திட்டுவேன். நீ கம்முனு கேட்டுக்கணும்."

"திட்டு. மனசாரத் திட்டு," என்றான் யாங்கோஸ். அந்த நிமிஷத்தில் கழுதை மேல் உட்கார வைத்து ஊர்வலம் விடுவேன் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பான். லோயிசோஸ் எழுந்து வந்து அவன் கழுத்தைப் பிடித்து இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். பிறகு தாழைத் திறந்துகொண்டு வெளியே போய், தெருவில் நின்று "கசாப்புக்காரா!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

எலெங்குவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் சமையல் துணியால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. யாங்கோஸ் லோயிசோஸின் துப்பாக்கியையும் வாங்கிவந்து குழல்களை அதனதன் உடலில் பூட்டினான். இரண்டு நெம்பும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன, இரண்டும் ஆடவில்லை. ஸீனோனின் சொந்தக் குழலையும் ஞாயிற்றுக்குள் முடித்துவிட வேண்டும் என்று உடனே வேலையைத் தொடங்கினான். அன்றைக்கு அவன் சாப்பிட்ட மாதிரிக் கோழிக்கறியை நல்ல நாளிலும் சாப்பிட்டதில்லை.

ஆனால் லோயிசோஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஒன்றுக்கு இரண்டாகவே காப்பாற்றினான். காபிக் கடையில் அவன் திட்டிய திட்டு மேல்தெரு வரை போயிற்று. யாங்கோஸ் மென்று விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தான். ரிப்பேருக்குத் துப்பாக்கி கொடுத்திருந்த ஒருவன் வந்து, "அவசரமில்ல, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனான். அப்போது கொஞ்சம் வலித்தது. வலிக்கவில்லை என்று பொய் சொல்வானேன்? இவ்வளவு வருஷம் சம்பாதித்த பேர். இருந்தாலும் தராசின் ஒரு பக்கம் அந்தப் பேரையும் மறுபக்கம் லோயிசோஸின் வீட்டு வாசலையும் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் இறங்கும் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் கௌதாரி வேட்டைக் காலம் தொடங்குகிறது. துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவன் பாக்கியில்லாமல் காபிக் கடையில் கூடியிருந்தார்கள். எந்த மேடு, எந்தப் பள்ளம், யார் நாய் என்று ஒரே கூச்சல். யாங்கோஸ் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஒளிந்துகொண்டான் என்பார்களே என்று போனான். லோயிசோஸும் ஸீனோனும் இருந்த மேஜையில், லோயிசோஸுக்கு எதிரே உட்கார்ந்தான்.

கடைக்காரன் ஹம்பிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊர் வாயெல்லாம் சேர்த்து ஒரே வாயாகச் செய்தது ஹம்பிஸின் வாய்.

"யாங்கோ, என் துப்பாக்கியில ஒரு ஆணி லூசா இருக்கு," என்றான். "உன்கிட்டத் தரலாம்னு பாத்தேன். அப்புறம், ஆணிய விட்டுட்டு என் காலத் திருகிட்டீன்னா என்ன பண்றதுன்னு நகரத்துக்கே எடுத்துட்டுப் போறேன்."

கடை குலுங்கியது. யாரோ, "அவனுக்கு நம்பர் வாசிக்க ஒரு வாத்தியார் வெச்சுக் குடுங்கப்பா" என்றார்கள். மறுபடி குலுங்கியது. யாங்கோஸ் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"லோயிசோ, நீயும் ஒண்ணு சொல்லு," என்றான் ஹம்பிஸ். "நாசமானது உன் துப்பாக்கிதானே!"

லோயிசோஸ் வாயைத் திறந்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். சிரிப்பதற்கு முகத்தைத் தயாராக வைத்திருந்தார்கள்.

"தட்டக் கீழ வை, ஹம்பி," என்றான் லோயிசோஸ்.

ஹம்பிஸ் வைத்தான்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்."

தாயக்கட்டை உருட்டுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

"நீயா? பின்ன இத்தன நாளா அந்த மனுஷனப் போட்டு அந்தத் திட்டுத் திட்டினியே?"

"திட்டினேன். வெக்கமா இருந்துச்சு, அதான் திட்டினேன்." லோயிசோஸ் யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினான். "எனக்குக் கை மெதுவாயிடுச்சு. பறவை காலடியில கெளம்பினா, நான் துப்பாக்கியத் தூக்கறதுக்குள்ள அது போயிடுது. அப்படியே சுட்டாலும் அந்தக் குறுகல் வாய்க்கு ஒண்ணும் படல. போன சீசன்ல நான் சுட்டத எண்ண ஒரு கை விரல் போதும். என் பையில தொங்கினதெல்லாம் இவன் சுட்டது." தம்பியைக் காட்டினான். ஸீனோன் வேறு எங்கோ பார்த்தான். "இவன் சுட்டு, வழியில எனக்குப் போட்டுக் குடுத்தான். இப்பச் சிரிங்க. சிரிக்கறவன் எல்லாம் நல்லா சிரிச்சுக்கங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆனா யாங்கோ கையப் பத்தி இனிமே எவனும் பேசக் கூடாது. என் பொண்ண ஞானஸ்நானத் தொட்டித் தண்ணியில இருந்து தூக்கின கை அது."

யாங்கோஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. லோயிசோஸ் இவ்வளவு பேர் முன்னால் தன் மானத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். இதற்குமேல் தான் மட்டும் நல்லவனாக உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. "இல்ல, உண்மையில நான் நம்பரப் பாக்காமத்தான்..." என்று தொடங்கினான்.

மேஜைக்கு அடியில் லோயிசோஸின் பூட்ஸ் கால் வந்து அவன் முழங்காலுக்குக் கீழே ஒரு உதை விட்டது.

"சும்மா காபியக் குடி, கும்பாரே," என்றான் லோயிசோஸ். "விடியறதுக்கு முன்ன கெளம்பணும். நீயும் வர."

யாங்கோஸ் வாயை மூடிக்கொண்டான். கால் விண்ணென்று வலித்தது. கூச்சல் மெல்ல மறுபடி கிளம்பியது. எந்த மேடு, எந்தப் பள்ளம், யார் நாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவன் ஆறிப்போன காபியை அடிமண்டி வரை குடித்தான்.